2004 ஹோண்டா சிட்டி: முன்சக்கர டிஸ்க்கைப் பிடித்திருக்கும் திருகாணியின் தலை வழுக்கிவிட்டது, வழி சொல்லுங்கள்

கடலோரவாசி | ஞாயிறு, காலை 9.40

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2004-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி, 1.5 ஐ-டிஎஸ்ஐ வண்டி உள்ளது. அப்பா வாங்கிய வண்டி. நான் ஓட்டப் பழகியதும் இதில்தான். வாங்கிய நாள் முதல் திருவான்மியூரில் கடலுக்கு அருகிலேயே நிற்பதால், அடிப்பாகத்தில் கைபடும் இடமெல்லாம் துரு இருக்கிறது. முன்சக்கர டிஸ்க்குகளின் விளிம்பில் நகம் தட்டும் அளவுக்குப் படி விழுந்து, தடிப்பும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவை நெருங்கிவிட்டது. ஆகவே புதிய டிஸ்க்குகளையும் பேடுகளையும் வாங்கி, இன்று காலை நானே மாற்றத் தொடங்கினேன்.

இப்போது வண்டி ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. வலது முன்சக்கரத்தைக் கழற்றியாயிற்று. பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் கேலிப்பரைப் பிரித்து, பிரேக் ஹோஸில் பாரம் விழாதபடி கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். டிஸ்க்கை, சக்கரம் பொருந்திச் சுழலும் நடுப்பகுதியான ஹப்போடு பிடித்திருக்கும் தட்டைத் தலைத் திருகாணிகள் இரண்டில் ஒன்று சிரமப்பட்டுக் கழன்றது. மற்றொன்றில் ஸ்டார் திருப்புளி மூன்று முறை நழுவியதால், கூட்டல்குறிப் பள்ளத்தின் ஓரங்கள் மழுங்கிக் கிட்டத்தட்ட வட்டமாகிவிட்டன. நான் பயன்படுத்தியது வீட்டில் இருந்த சாதாரண 2-ஆம் எண் திருப்புளி. துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து அரை மணி நேரம் காத்திருந்தும் பயனில்லை.

தெருமுனைப் பட்டறையில் கேட்டபோது, தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்துவிடலாம் என்றார்கள். துளையிட்டு எடுப்பது நல்லதா, வெல்டிங் நல்லதா, அல்லது இரண்டுக்கும் முன்பு செய்து பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா? இடது பக்கத்திலும் இதே இரண்டு திருகாணிகள் காத்திருக்கின்றன.

மரைவேலை | ஞாயிறு, காலை 10.05

நண்பரே, முதலில் அந்தத் திருப்புளியைக் கீழே வையுங்கள். இனி ஒருமுறை நழுவினாலும் மிச்சமிருக்கும் பிடிப்பும் போய்விடும்.

உங்கள் திருகாணி வழுக்கியதற்குத் துரு பாதிக் காரணம்தான். அது 6 மில்லிமீட்டர் மரை கொண்ட திருகாணி. அதன் தலைப் பள்ளம் 3-ஆம் எண் அளவுடையது. 2-ஆம் எண் திருப்புளி அதற்குள் இறங்கி நிற்பதுபோலத் தோன்றும். ஆனால் அதன் இறக்கைகள் பள்ளத்தின் சுவர்களை முழுமையாகத் தொடுவதில்லை. விசை முழுவதும் சுவரின் மெல்லிய ஓரங்களில் விழுவதால் அவை வெண்ணெய்போல் மழிந்துவிடுகின்றன. எங்கள் ஊரில் கூட்டல்குறி போட்ட எல்லாவற்றையும் ‘ஸ்டார்’ என்ற ஒரே பெயரால் அழைப்பதால், அதற்குள் அளவு வேறுபாடு உண்டு என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது காரணம் சற்று நுட்பமானது. ஜப்பானிய வண்டிகளின் கூட்டல்குறித் திருகாணிகள் ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானியத் தொழில்தரத்தின்படி வெட்டப்பட்டவை. கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் வகைத் திருப்புளியின் இறக்கைகள் சந்திக்கும் மூலைகளில் வளைவு சற்று அதிகம். அது ஜப்பானியப் பள்ளத்தின் அடிவரை இறங்காமல் இடையிலேயே தங்கி, விசை கொடுத்ததும் மேலேறி வெளியே வந்துவிடுகிறது. மாறாக, ஜே.ஐ.எஸ். திருப்புளி இரண்டு வகையிலும் ஒழுங்காக உட்காரும். பழைய ஜப்பானிய வண்டி வைத்திருப்பவர்கள் 2-ஆம் எண்ணிலும் 3-ஆம் எண்ணிலும் நல்ல ஜே.ஐ.எஸ். திருப்புளி ஒவ்வொன்று வாங்கி வைப்பது, வேறெந்தக் கருவியை வாங்குவதைவிடவும் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

சாலைப்புழுதி | ஞாயிறு, காலை 10.20

பிலிப்ஸ் பள்ளம் நழுவுவது குறைபாடு அல்ல என்று படித்திருக்கிறேன். தொழிற்சாலையில் அளவுக்கு மீறி முறுக்கிவிடாமல் இருக்க, குறிப்பிட்ட விசைக்கு மேல் தானாக நழுவும்படி வேண்டுமென்றே அப்படி வடிவமைத்தார்களாம்.

மரைவேலை | ஞாயிறு, காலை 10.35

இது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. ஆனால் வரலாறு அவ்வளவு நேரானது அல்ல. ஹென்றி பிலிப்ஸுக்கு 1936-இல் வழங்கப்பட்ட முதற்காப்புரிமைகளில், திருப்புளி தானாகவே பள்ளத்தின் நடுவில் வந்து பொருந்தும் என்பதும், வேகமாக முடுக்கலாம் என்பதுமே சிறப்பாகக் கூறப்படுகின்றன. நழுவுவது ஒரு நோக்கம் என்று அவற்றில் இல்லை. அந்தக் கருத்து 1949-இல் வழங்கப்பட்ட பிந்தைய காப்புரிமை ஒன்றில்தான் வருகிறது. காடிலாக் கார்களின் உற்பத்தியில் அந்தத் திருகாணி இடம்பிடித்தது 1930-களிலேயே. நோக்கம் எதுவாக இருந்தாலும், நழுவும் தன்மை உண்மையானது. இருபது ஆண்டுத் துருவைக் கழற்றுகிறவருக்கு அது எதிரியே.

பழையஸ்பேனர் | ஞாயிறு, காலை 11.10

தம்பி, மதுரையில் 22 ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தத் திருகாணியை எத்தனை வண்டிகளில் எடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எல்லாரும் மரை துருப்பிடித்துச் சிக்கியிருப்பதாகவே நினைக்கிறார்கள். இந்த இடத்தில் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. திருகாணியின் தலைக்கு அடிப்பாகம் கூம்பு வடிவமானது. டிஸ்க்கிலும் அதே கூம்பு வடிவத்தில் குழி வெட்டியிருக்கும். பிரேக் சூட்டில் ஆண்டுக்கணக்காக விரிந்து சுருங்கி, மழைநீரும் உப்புக்காற்றும் புகுந்து, அந்த இரண்டு கூம்புகளும் ஒன்றோடொன்று ஆப்பு அடித்ததுபோல இறுகிவிடுகின்றன. மரை, டிஸ்க்குக்குப் பின்னால் ஹப்பினுள் ஒதுங்கி இருப்பதால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆகவே நீங்கள் வெல்ல வேண்டியது அந்தக் கூம்பின் பிடியைத்தான். அதை முறுக்கி உடைக்க முடியாது. அதிர்ச்சி கொடுத்தே உடைக்க வேண்டும்.

திருகாணியின் தலையைவிடச் சற்றுச் சிறிய விட்டமுள்ள தட்டை முனைப் பஞ்ச் ஒன்றை எடுத்து, தலைக்கு நேர் செங்குத்தாக வைத்து, அரைக் கிலோச் சுத்தியலால் ஐந்தாறு முறை ‘டக்’ என்று ஓசை தெளிவாக வரும்படி அடியுங்கள். அடிக்கும்போது மழுங்கிய உலோகமும் சற்று உள்ளே ஒடுங்கிப் பள்ளத்தைக் குறுக்கும், அதுவும் நன்மையே. பிறகு 3-ஆம் எண் பிட்டைப் பள்ளத்தில் வைத்துச் சுத்தியலால் தட்டி உட்கார வையுங்கள். பிட்டின் நுனியில் சிறிது வால்வ் கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவினால் அதிலுள்ள பொடி கூடுதல் பிடிப்புத் தரும். ரப்பர் துண்டு வைத்துத் திருகும் வழி மேசை நாற்காலித் திருகாணிக்குப் போதும். இங்கே ரப்பர் கிழிந்துபோகும்.

அடுத்ததாக, கையால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர். பின்பக்கத்தில் சுத்தியலால் அடித்தால், அந்த அடியையே சிறு திருப்பமாக மாற்றும் கருவி அது. அழுத்தமும் திருப்பமும் ஒரே நொடியில் நிகழ்வதால் பிட் மேலேறித் தப்ப வழியில்லை. அடிக்கும் முன்பு, கழற்றும் திசையில் வைத்திருக்கிறீர்களா என்பதைக் கையில் வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். முடுக்கும் திசையில் வைத்தே பத்து அடி அடித்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அடிக்கத் தொடங்கும் முன்பே கருவியைக் கழற்றும் பக்கமாகக் கையால் திருப்பிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பலமான நான்கு அடி, பலவீனமான இருபது அடியைவிட மேல்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. டிஸ்க் சுழலாமல் இருக்க யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிடாதீர்கள். கேலிப்பர் வெளியே தொங்குகிறது. மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து எண்ணெய் கொட்டிவிடும். சக்கர நட்டுகள் ஏறும் ஸ்டட்களில் இரண்டுக்கு இடையில் ஒரு நீண்ட கம்பியைக் குறுக்கே கொடுத்துத் தரையில் ஊன்றினால் போதும்.

சாலைப்புழுதி | ஞாயிறு, காலை 11.25

ஐயா, சுத்தியலால் அடித்தால் சக்கர பேரிங் கெடாதா? அந்த அடி முழுவதையும் அதுதானே வாங்குகிறது?

பழையஸ்பேனர் | ஞாயிறு, காலை 11.40

நியாயமான கேள்வி. சம்மட்டியால் டிஸ்க்கின் முதுகில் மணிக்கணக்கில் அடித்தால் குண்டுகள் ஓடும் பாதையில் குழி விழக்கூடும். அரைக் கிலோ, ஒரு கிலோச் சுத்தியலால் சில அடிகள் அடித்து எந்த பேரிங்கும் கெட்டு நான் பார்த்ததில்லை. அதற்கு மேல் அடிக்க வேண்டியிருந்தால், அடிப்பதை நிறுத்திவிட்டுத் துளையிடுங்கள். அங்கேதான் பொறுமை தேவை.

மின்பொறி | ஞாயிறு, பிற்பகல் 12.15

வெல்டிங் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வேலை செய்யும் வழிதான். பற்றவைக்கும் சூடே கூம்பின் துருவைப் பிளந்துவிடும் என்பதால் பலமுறை நட்டைத் தொட்டதுமே கழன்றுவிடும். ஆயினும் இந்த இடத்தில் அதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். செய்தே ஆக வேண்டுமென்றால் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை அந்த டிஸ்க்கிலேயே பொருத்த வேண்டும். வண்டியின் உடலில் வேறெங்கோ பொருத்தினால், மின்சாரம் சக்கர பேரிங்கின் குண்டுகள் வழியாகப் பாய்ந்து அவற்றின் மேற்பரப்பைப் பொசுக்கிவிடும்.

இதைவிடக் கடுமையான ஆபத்து ஒன்று உள்ளது. பிரேக் கிளீனர் ஸ்ப்ரேக்களில் சில குளோரின் சேர்ந்த கரைப்பான்களால் ஆனவை. அவை நனைந்த இடத்தில் வெல்டிங் செய்தாலோ, நெருப்பு காட்டினாலோ பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு உருவாகும். முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது. குளோரின் இல்லாத வகையோ, பெட்ரோலைப்போல் பற்றிக்கொள்ளும். எந்த வகையானாலும், காலையில் கிளீனர் அடித்த இடத்தில் மாலையில் நெருப்பைக் கொண்டுவராதீர்கள். துரு இளக்க ஏ.டி.எஃப். எனப்படும் தானியங்கி கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சமமாகக் கலந்து பூசுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

கடலோரவாசி | ஞாயிறு, பிற்பகல் 3.50

மிக்க நன்றி. வெல்டிங் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். நண்பர் ஒருவரிடமிருந்து இம்பாக்ட் டிரைவரை வாங்கி வந்து, ஐயா சொன்னபடி முதலில் பஞ்ச் வைத்து அடித்து, பேஸ்ட் தடவி, திசையையும் சோதித்து, ஆறு முறை அடித்தேன். முதல் இரண்டு அடியில் பிடிப்பு இருந்தது. மூன்றாவதில் பிட் பள்ளத்தின் மிச்சச் சுவர்களையும் வெட்டிக்கொண்டு சுழன்றுவிட்டது. காலையிலேயே நான் அதிகமாகக் கெடுத்திருக்கிறேன் என்று தோன்றுகிறது. இப்போது நடுவில் ஒரு வட்டக் குழிதான் இருக்கிறது. துளையிடுவது ஒன்றே வழி என்றால், எந்த அளவு பிட், எவ்வளவு ஆழம் என்பதைச் சொல்லுங்கள். ஹப்பின் மரையைக் கெடுத்துவிடுவேனோ என்பதுதான் என் அச்சம்.

மரைவேலை | ஞாயிறு, மாலை 4.25

அச்சப்பட வேண்டாம். நீங்கள் திருகாணி முழுவதையும் துளைக்கப் போவதில்லை. தலையை மட்டும் உடலிலிருந்து பிரிக்கப் போகிறீர்கள். பழைய டிஸ்க் எப்படியும் கழிவுக்குப் போகிறது என்பதால், அதன் கூம்புக் குழியில் பிட் பட்டாலும் இழப்பு இல்லை.

தலையின் விட்டம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர்; தண்டின் விட்டம் 6. தண்டைவிடச் சற்றுப் பெரிய பிட், தலையும் தண்டும் சேரும் இடத்தை அடைந்ததும் தலை ஒரு வளையமாகத் தனியே கழன்றுவிடும். உங்கள் திருகாணியில் நடுக்குழி ஏற்கெனவே இருப்பதால் பிட் அலையாமல் நிற்கும். இருந்தாலும் சென்டர் பஞ்ச்சால் அதன் அடியில் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் 3 மில்லிமீட்டர் பிட்டால் வழித்துளை, அடுத்து 5, கடைசியாக 7 அல்லது 8. தலையின் உயரம் 3 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் என்பதால், வழித்துளைக்கு 5 மில்லிமீட்டர் ஆழம் தாராளமாகப் போதும். பிட்டில் அந்த அளவில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டால் மிகைபோகாது.

வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டுங்கள். பெரும்பாலானவர்கள் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள்: டிரில் அலற அலற ஓடும், பிட் வெட்டாமல் உரசும், உரசிய இடம் சூடேறும், ஐந்து நிமிடத்தில் பிட்டின் முனை நீலமாகி மழுங்கிவிடும். சரியான வேகத்தில் சுருள் சுருளாகச் சீவல் வர வேண்டும். பொடி வந்தால் பிட் மழுங்கியிருக்கிறது அல்லது அழுத்தம் போதவில்லை என்று பொருள். ஓரிரு துளி எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள். கண்ணாடி அணியாமல் டிரில்லைத் தொடாதீர்கள். முகத்துக்கு நேரே துளையிடும் வேலை இது. வண்டியில் ஏ.பி.எஸ். இருந்தால், சென்சாரின் காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டாதபடி பின்பக்கத்தைத் துணியால் மூடிவையுங்கள்.

கடைக்காரர் ‘ஈஸி அவுட்’ எனப்படும் இடமுறுக்குக் கருவியை எடுத்துத் தரக்கூடும். இந்த வேலைக்கு அது வேண்டாம். அது மிகக் கடினமாக்கப்பட்ட, எளிதில் நொறுங்கும் எஃகு. கூம்பில் இறுகிய திருகாணியை அதனால் திருக முயன்று உள்ளேயே ஒடித்துவிட்டால், அதன்மேல் சாதாரண பிட் எதுவும் ஏறாது. அதன்பிறகு லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

வடமராட்சி | ஞாயிறு, மாலை 5.00

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே சாலையில் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்தவையே என்பதால், இந்தத் திருகாணி எங்களுக்கு நன்கு பழக்கமானது. துளையிடும் முன்பு ஒரு வழியைச் செய்து பார்க்கலாம். கூரான உளியைத் தலையின் விளிம்புக்கு அருகில் நேராக வைத்து அடித்து, ஒரு வெட்டுத் தடம் உண்டாக்குங்கள். பின்னர் உளியைச் சாய்த்து, அந்தத் தடத்தில் ஊன்றி, கழலும் திசையில் தட்டுங்கள். இந்தத் திருகாணிகள் மென்மையான எஃகு என்பதால் உளி நன்றாகப் பிடிக்கும். என் கைக்கு இரண்டில் ஒன்று இவ்வாறே கழன்றுவிடுகிறது.

தலை போன பிறகும் டிஸ்க் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வராமல் இருக்கக்கூடும். டிஸ்க்கின் முகத்தில் மரையுள்ள இரண்டு துளைகள் காலியாக இருப்பதைப் பாருங்கள். அவற்றில் 8 மில்லிமீட்டர், 1.25 மரை இடைவெளி கொண்ட போல்ட்டுகள் இரண்டை முடுக்கினால் அவையே ஹப்பை உந்தி டிஸ்க்கை வெளியே தள்ளும். ஒன்றைக் கால் சுற்று, மற்றதைக் கால் சுற்று என்று மாறி மாறித் திருப்ப வேண்டும். ஒரே பக்கம் முடுக்கினால் டிஸ்க் கோணலாகச் சிக்கிக்கொள்ளும்.

சாலைப்புழுதி | ஞாயிறு, மாலை 5.30

இவ்வளவு பாடுபட்டு எடுத்த பிறகு, அந்தத் திருகாணியைத் திரும்பப் போடத்தான் வேண்டுமா? சக்கரத்தின் நான்கு நட்டுகள்தானே டிஸ்க்கைப் பிடித்திருக்கின்றன?

பழையஸ்பேனர் | ஞாயிறு, மாலை 6.10

பாரம் தாங்குவது நட்டுகள்தான் என்பது சரி. 12 மில்லிமீட்டர் ஸ்டட் நான்கு, ஒவ்வொன்றிலும் 108 நியூட்டன்-மீட்டர் முறுக்கத்தில் நட்டு. சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் டிஸ்க் இறுகி நிற்கிறது. அந்தத் திருகாணி இல்லாமல் ஓடும் வண்டிகள் எத்தனையோ உண்டு. பிரேக் பிடிப்பதில் எந்தக் குறையும் வராது.

ஆனாலும் நான் போட்டுத்தான் அனுப்புகிறேன். பஞ்சர் ஆகிச் சாலையோரத்தில் சக்கரத்தைக் கழற்றும்போது, திருகாணி இல்லாத டிஸ்க் முன்பக்கம் சாயும். அந்த இடைவெளியில் துருச் செதில் ஒன்று விழுந்து, அதன்மேலேயே சக்கரத்தை முடுக்கிவிட்டால், டிஸ்க் நூலளவு கோணலாகச் சுழலும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். வாடிக்கையாளர் டிஸ்க் தரமில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்.

மரைவேலை | ஞாயிறு, மாலை 6.30

எனக்கு இதில் சற்று மாறுபட்ட கருத்து. ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்தால், செதில் விழுவதற்கான வாய்ப்பே மிகவும் குறைந்துவிடும். அதைச் செய்யாமல் திருகாணியை மட்டும் போடுவதில் பயன் இல்லை. இரண்டையும் செய்வது நலம் என்பதை ஏற்கிறேன். போடுவதாக இருந்தால் புதிய திருகாணியாக, கூம்பின்மேல் மிக மெல்லியதாக, உலோகங்கள் இறுகிப்போகாமல் தடுக்கும் ஆன்ட்டி-சீஸ் பசை தடவி, 9.8 நியூட்டன்-மீட்டர், அதாவது ஒரு கிலோவிசை-மீட்டர் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். திருப்புளியைக் கையால் உறுதியாகத் திருகினாலே அந்த அளவு வந்துவிடும். பசை டிஸ்க்கின் முகத்தில் படக்கூடாது. பட்டால் பேட் தொடும் முன்பே துடைத்துவிட வேண்டும்.

கடலோரவாசி | திங்கள், இரவு 8.15

வேலை முடிந்தது. நடந்ததை எழுதிவிடுகிறேன், இதே இடத்தில் நிற்கும் வேறொருவருக்கு உதவலாம்.

வடமராட்சி நண்பர் சொன்ன உளி வழியை முதலில் முயன்றேன். தடம் விழுந்தது, ஆனால் தலை அசையவில்லை. ஆகவே 3, 5, 8 என்ற வரிசையில் துளையிட்டேன். மொத்தம் பதினைந்து நிமிடங்களே ஆயின. 8 மில்லிமீட்டர் பிட் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு சிறு சிலிர்ப்புடன் தலை பிட்டோடு சேர்ந்து சுழன்று வளையமாக வந்துவிட்டது. டிஸ்க் கையால் இழுத்து வரவில்லை. 8 மில்லிமீட்டர் போல்ட்டுகளைக் கால் கால் சுற்றாகத் திருப்பியதும் ‘டப்’ என்ற ஓசையோடு விடுபட்டது.

ஹப்பில் 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பூட்டும் பிளையரால் பிடித்து, பலமாகத் திருகத் தயாரானேன். தேவையே இல்லை. கால் சுற்றுக்குப் பிறகு விரலாலேயே திருகி எடுத்தேன். மரை முழுவதும் எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தது. கழன்று வந்த தலையின் கூம்புப் பக்கமோ கருஞ்சிவப்புத் துருவால் டிஸ்க்கின் துகள்களோடு ஒட்டிப் போயிருந்தது. ஐயா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

இடது பக்கத்துக்குச் செல்லும் முன்பு 3-ஆம் எண் ஜே.ஐ.எஸ். பிட்டை வாங்கிவிட்டேன். அங்கே திருப்புளியைத் தொடும் முன்பே இரண்டு தலைகளிலும் பஞ்ச் வைத்து ஆறு முறை அடித்து, பிறகு இம்பாக்ட் டிரைவரை வைத்தேன். ஒன்று இரண்டாவது அடியிலும், மற்றொன்று நான்காவது அடியிலும் கழன்றன. இரண்டு ஹப்புகளையும் தூரிகையால் தேய்த்து, புதிய டிஸ்க்குகளின் மேலிருந்த காப்பு எண்ணெயைத் துடைத்து, நான்கு புதிய திருகாணிகளையும் போட்டுவிட்டேன்.

பழையஸ்பேனர் | திங்கள், இரவு 8.40

நல்ல வேலை, தம்பி. வண்டியை நகர்த்தும் முன்பு பிரேக் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதித்தீர்களா? புதிய பேடுகளுக்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள்; முதல் மிதியில் பெடல் தரைவரை போகும்.

கடலோரவாசி | திங்கள், இரவு 8.50

மிதித்தேன், ஐயா. ஐந்தாவது மிதியில் கெட்டியாகிவிட்டது. எண்ணெய் அளவையும் பார்த்துவிட்டேன். பிறகு ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு முறை, முழுவதும் நிறுத்தாமல், வேகத்தைத் தணித்துத் தணித்து ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் நடுக்கம் இல்லை. நாளை நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளின் முறுக்கத்தை மறுபடி சரிபார்த்துவிட்டு எழுதுகிறேன்.